கோப்பையும் வண்டிச் சாவியும் ஒரே நாளில் வேண்டாம்

நியூஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார், கூடவே ஓர் அட்டவணை. வயது 34, ஹெச்-1பி விசாவில் மென்பொருள் வேலை, மனைவி ஹெச்-4 விசாவில். வரும் ஜூனில் 16 நாள் விடுப்பு எடுத்து, படுக்கையும் சமையலறையும் கொண்ட ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அமெரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடக்கத் திட்டம். வழியில் 23 ப்ரூவரிகள், அதாவது பீர் ஆலைகள். பென்சில்வேனியாவில் தொடங்கி மிச்சிகன், விஸ்கான்சின், கொலராடோ, யூட்டா வழியாக சான் பிரான்சிஸ்கோவில் முடிகிறது. உடன் வருபவர்கள் மனைவி, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கல்லூரி நண்பர், மனைவியின் தம்பி. தம்பிக்கு வயது 20, எஃப்-1 விசாவில் படிக்கிறார்.

“ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று ப்ரூவரி. ஓட்டுபவர் ஒவ்வோர் இடத்திலும் ருசி மட்டும் பார்ப்பார். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வரை சட்டம் அனுமதிக்கிறது, பரிசோதிக்கச் சிறு கருவியும் வாங்கிவிட்டேன். மீறினால் வண்டியிலேயே தூங்கிவிடலாம். என் மைத்துனன் குடிப்பதில்லை, அவசரத்துக்கு அவன் ஓட்டுவான். நண்பருக்கு ஒருமுறை இப்படி மாட்டிய அனுபவம் உண்டு. அபராதம், வகுப்பு, சில மாதம் உரிமம் ரத்து, அவ்வளவுதான் என்கிறார். என் மனைவி மட்டும் விசா போய்விடும் என்று பயமுறுத்துகிறார். டிசம்பரில் தங்கை திருமணத்துக்கு மதுரை வந்து, சென்னையில் விசா முத்திரை புதுப்பிக்க வேண்டியும் இருக்கிறது. இவர் பயம் நியாயமானதா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வழக்கறிஞராக, இரண்டாம் முறை பொறாமையோடு. 1829 முதல் இயங்கும் யூங்லிங் ஆலையை முதல் நாளில் வைத்திருப்பது நல்ல ரசனை. கடைசி நாளில் ஆங்கர் ஆலையை வைத்திருப்பதில்தான் சிறு சிக்கல். 1896-இல் தொடங்கிய அந்த ஆலை 2023-இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஒருவர் வாங்கினார் என்றாலும், கதவு திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் 5,000 கிலோமீட்டர் போகாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. நண்பர் சொன்னதும் பொய்யில்லை, ஆனால் அது அவருடைய கதை. அவர் குடிமகன். மது அருந்தி வண்டி ஓட்டிய குற்றம், அங்கே சுருக்கமாக டி.யூ.ஐ. என்பார்கள், அவருக்கு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். உங்களுக்கு நீதிமன்றத்துக்கு முன்பே தொடங்கிவிடும்.

கைதே போதும்

குற்றம் நிரூபணமானால்தானே விசாவுக்கு ஆபத்து என்று நீங்கள் நினைப்பது கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் நடைமுறை அப்படியில்லை. 2015 முதல், கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் டி.யூ.ஐ. கைது ஒன்று இருந்தாலே விசாவை முன்னெச்சரிக்கையாக ரத்து செய்ய முடியும். தண்டனை தேவையில்லை, வழக்கு நிலுவையில் இருந்தாலும் போதும். கைரேகை பதிவானதும் செய்தி தகவல் தளங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். விசா கொடுத்த தூதரகத்திலிருந்து ஒரு நாள் மின்னஞ்சல் வரும். என்னிடம் வந்த ஒருவர் அதை மோசடி மின்னஞ்சல் என்று நினைத்து இரண்டு வாரம் திறக்காமலே வைத்திருந்தார்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்தாவது கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை. அமெரிக்காவுக்குள் நீங்கள் தங்குவதற்கான சட்ட நிலை, நாட்டுக்குள் நுழைந்தபோது போடப்பட்ட ஐ-94 பதிவைச் சார்ந்தது. அது பொதுவாக உடனே போய்விடுவதில்லை. வேலைக்குப் போகலாம், சம்பளம் வாங்கலாம். நாட்டை விட்டு வெளியேறினால்தான் திரும்பி வரப் புதிய விசா வேண்டும். அந்த விண்ணப்பத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி உண்டு. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் ஆம் என்றே எழுத வேண்டும். எழுதினால் தூதரகம் நியமித்த மருத்துவரிடம் அனுப்புவார்கள். உங்களுக்கு மதுப் பழக்க நோய் இருக்கிறதா, அதனால் பிறருக்குத் தீங்கு நேருமா என்று அவர் அறிக்கை தர வேண்டும். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் வாரங்கள் ஓடும், சில சமயம் மாதங்கள். தங்கை திருமணத்துக்கு வந்தவர் மதுரையிலேயே உட்கார்ந்து நியூஜெர்சி வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்க நேரும். உங்கள் மனைவியின் ஹெச்-4 உங்கள் ஹெச்-1பியைப் பிடித்துத் தொங்குவது. உங்களுடையது ஆடினால் அவருடையதும் ஆடும்.

அதற்காக ஒரே கைதில் நாடு கடத்திவிடுவார்கள் என்று பயப்படவும் வேண்டாம். யாருக்கும் காயமில்லாத, வேறு குற்றம் கலக்காத முதல் டி.யூ.ஐ. பொதுவாக நாடுகடத்தலுக்குரிய குற்றமாகக் கருதப்படுவதில்லை. மது அருந்தி வண்டி ஓட்டுவது ‘வன்முறைக் குற்றம்’ என்ற வகைக்குள் வராது என்று 2004-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டாவது முறை நடந்தால் கதை வேறு. 2019-இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, குடியுரிமை போன்ற விண்ணப்பங்களில் நன்னடத்தை காட்ட வேண்டிய காலத்துக்குள் இரண்டு டி.யூ.ஐ. தண்டனைகள் இருந்தால் உங்களுக்கு நன்னடத்தை இல்லை என்ற அனுமானத்தோடுதான் விசாரணையே தொடங்கும். கனடாவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரிலிருந்து அங்கே இது கடுங்குற்ற வரிசையில் இருக்கிறது. மிச்சிகனிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசைக்கும் அது முட்டுக்கட்டை.

0.08 என்ற எண்

இதில்தான் உங்கள் திட்டம் முழுவதும் நிற்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 0.08 என்பது குடிக்க அனுமதித்த அளவு கிடையாது. அதைத் தொட்டால் வேறு சாட்சியமே வேண்டாம், அந்த எண்ணே குற்றத்தை நிரூபிக்கும் என்பதுதான் அதன் பொருள். அதற்குக் கீழே இருந்தாலும், ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்று அதிகாரி காட்டினால் வழக்கு நிற்கும். உங்கள் வழியில் உள்ள கொலராடோவில் 0.05-ஐத் தாண்டினாலே, திறன் குன்றிய நிலையில் ஓட்டியதாகத் தனிக் குற்றம் உண்டு. யூட்டாவில் 2018 டிசம்பர் இறுதியிலிருந்து எல்லையே 0.05. அமெரிக்காவில் அந்த எல்லையை முதலில் கொண்டுவந்த மாநிலம் அது.

‘ருசி மட்டும்’ என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு நிலையான பானம் என்றால் 14 கிராம் தூய ஆல்கஹால், அதாவது 5 சதவீத பீர் 355 மில்லி. ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் போவது 5 சதவீத பீருக்காக இல்லை. 8 சதவீத ஐ.பி.ஏ. வகை பீர் ஒரு பைண்ட், 473 மில்லி, குடித்தால் அது ஒரு பானம் ஆகாது, இரண்டுக்கும் மேல். நான்கு சிறு கிளாஸ்களில் வெவ்வேறு பீர் தரும் ஃபிளைட் என்ற தொகுப்பில் கிளாஸுக்கு 150 மில்லி, சராசரி 7 சதவீதம் என்று வைத்தால், மொத்தம் இரண்டேகால் பானத்துக்கும் மேல். ஓட்டுபவர் பாதி குடிக்கிறார், மூன்று இடங்களில் குடிக்கிறார். மாலைக்குள் மூன்றரை பானம் உள்ளே போய்விட்டது, அவர் மனத்திலோ எதுவும் குடிக்கவில்லை என்ற நினைப்பு.

கையடக்கக் கருவியை நம்பாதீர்கள் என்பதற்குத் தரம் மட்டுமே காரணமில்லை. குடித்த ஆல்கஹால் இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். ப்ரூவரி வாசலில் ஊதியபோது 0.04 காட்டியது, நாற்பது நிமிடம் கழித்து நெடுஞ்சாலையில் போலீஸ் ஊதச் சொல்லும்போது 0.06 காட்டலாம். இரண்டுமே உண்மையான அளவுகள்தான். மறுநாள் காலையும் இதே கதை. உடல் மணிக்குச் சுமார் 0.015 வீதம்தான் குறைக்கிறது. நள்ளிரவில் 0.15-இல் படுத்தவர் காலை ஏழு மணிக்குக் குளித்து, காபி குடித்து, தெம்பாகச் சாவியை எடுக்கும்போது இரத்தத்தில் இன்னும் 0.045 இருக்கும். யூட்டாவின் 0.05-க்கு அது மயிரிழை தூரம்.

நிறுத்திய வண்டியும் வண்டிதான்

மீறினால் வண்டியிலேயே தூங்கிவிடுவோம் என்ற யோசனை நல்ல மனத்தோடு சொன்னது. ஆனால் பல மாநிலங்களில் வண்டியை ஓட்டியிருக்கவே வேண்டாம், அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே குற்றம். சாவி கைக்கெட்டும் இடத்தில், குளிருக்காக இன்ஜின் ஓட, ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து தூங்கியவர்கள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். முகாம் மைதானத்தில் மின்சாரமும் தண்ணீரும் இணைத்து நிறுத்திய ஆர்.வி. வண்டியின் பின்கட்டிலில் தூங்குவது வீட்டில் தூங்குவதற்கு நெருக்கமானது. கடை வாகன நிறுத்தத்தில் தூங்குவது அப்படிக் கருதப்படாது. தம் வளாகத்திலேயே இரவு தங்க அனுமதிக்கும் ப்ரூவரிகளும் உண்டு. அனுமதியை எழுத்தில் முன்பே வாங்குங்கள். வண்டியை நிறுத்திய பிறகு குடியுங்கள், காலைவரை ஓட்டுநர் இருக்கைப் பக்கமே போகாதீர்கள்.

திறந்த பாட்டில் இன்னொரு கண்ணி. கிரவுலர் என்ற பெரிய பாட்டிலில் நிரப்பி வாங்கிய பீரின் முத்திரையை உடைத்துவிட்டால் அது திறந்த மது. காரில் டிக்கி இருக்கிறது, ஆர்.வி. வண்டியில் கிடையாது. ஓட்டுநருக்கு எட்டாத, பூட்டக்கூடிய பின் அலமாரியில் வையுங்கள். ஓடும் வண்டியின் வீட்டுப் பகுதியில் பயணிகள் குடிக்கலாம் என்று சில மாநிலங்களில் விலக்கு உண்டு, சிலவற்றில் இல்லை. எல்லைக் கோட்டில் கோப்பையை வைத்துவிட்டு மறு எல்லையில் எடுப்பீர்களா? விட்டுவிடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்கலாம். 1933-இல் மதுவிலக்கை நீக்கிய அதே அரசியல் சட்டத் திருத்தம், மதுவை ஒழுங்குபடுத்தும் உரிமையை மாநிலங்களிடம் கொடுத்தது. மாநிலங்கள் அதை மாவட்டங்களுக்கும் பங்கு போட்டன. உலகமெங்கும் பெயர் பெற்ற ஜாக் டேனியல்ஸ் விஸ்கி வடிக்கப்படும் டென்னசி மாநில மூர் மாவட்டமே மதுவிலக்கு மாவட்டமாகத்தான் பெயர் எடுத்திருக்கிறது. உங்கள் வழியில் யூட்டாவில் குழாயில் தரும் பீர் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மான்யுமெண்ட் வேலியையும் சேர்த்திருக்கிறீர்கள். அது நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலத்தில் இருக்கிறது, அங்கே மது வைத்திருப்பதே தடை. மூன்று மாநிலத்துக் கிரவுலர்களோடு அந்த மண்ணில் நுழைவது சட்ட மீறல் மட்டுமில்லை, மரியாதைக் குறைவும்கூட.

வாடகை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள். மது அருந்தி ஓட்டினால் வண்டிச் சேதப் பாதுகாப்பு செல்லாது என்ற விதி வழக்கமாக இருக்கும். உங்கள் கிரெடிட் கார்டு தரும் வாடகை வண்டிக் காப்பீட்டில் ஆர்.வி. வண்டிகள் பெரும்பாலும் சேர்வதில்லை.

மைத்துனனை விட்டுவிடுங்கள்

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்குக் கோபமே வந்தது. குடிக்காத பிள்ளை, ஆகவே ஓட்டட்டும் என்பது வெளிப்பார்வைக்கு நியாயம். ஆனால் ஆர்.வி. வாடகைக்குக் குறைந்தபட்ச வயது இடத்துக்கு இடம் 21 அல்லது 25. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரிக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்லா மாநிலங்களிலும் ஏறத்தாழ பூஜ்ய எல்லைதான், 0.02 அல்லது அதற்கும் கீழே. “ஒரு வாய் ருசி பார்க்கட்டும்” என்று நீங்கள் கோப்பையை நீட்டினால், 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுத்த குற்றவாளி நீங்கள். பல மதுக்கூடங்களில் அவர் உள்ளேயே வர முடியாது. நீங்கள் மூவரும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க, அவர் வண்டியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் விடுமுறையா?

மாணவர் விசா உங்களுடையதைவிட மெல்லியது. 2025 வசந்தத்தில், சிறிய போலீஸ் பதிவுகளைக்கூடக் காரணமாக வைத்து ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள், அவர்கள் நிலையைக் கண்காணிக்கும் செவிஸ் என்ற அரசுத் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. வழக்குகள் தொடர்ந்த பிறகே அவை மீட்கப்பட்டன. அவர் வருவதானால் அக்காவின் தம்பியாக வரட்டும், உங்கள் ஓட்டுநராக வேண்டாம்.

வரைபடத்தை வேறு மாதிரி வரையுங்கள்

பயணத்தையே கைவிடச் சொல்லவில்லை. உங்கள் அட்டவணை ப்ரூவரிகளை வழியில் உள்ள நிறுத்தங்களாக வைத்திருக்கிறது. அவற்றை இரவு தங்கும் ஊர்களாக மாற்றுங்கள். ஓட்டும் நாளில் யாரும் குடிப்பதில்லை. குடிக்கும் நாளில் சாவி யார் பையிலும் இல்லை, அறையில் இருக்கிறது. 23 ஏழாகச் சுருங்கும், ஆனால் ஒவ்வொன்றும் நினைவில் நிற்கும். மூன்றாவது ப்ரூவரியின் நான்காவது கிளாஸ் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

என் யோசனை இது. பென்சில்வேனியாவில் யூங்லிங் ஆலை இருக்கும் பாட்ஸ்வில். மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ், அங்கே நகர நடுவில் அறை எடுத்தால் கால்நடையாகவே பல இடங்களுக்குப் போகலாம். பிறகு மில்வாக்கி. ஒரு காலத்தில் அமெரிக்க பீரின் தலைநகர் அதுதான், சிகாகோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கொலராடோவரை ஆயிரம் மைல், இரண்டு நாள் ஓட்டம், வெறும் தண்ணீரும் சோளக்காடும். நியூ பெல்ஜியம் ஆலை இருக்கும் ஃபோர்ட் காலின்ஸில் இரண்டு இரவு தங்கினால் சைக்கிளிலேயே ஊர் சுற்றத் தோன்றும். சைக்கிளுக்கும் அங்கே டி.யூ.ஐ. சட்டம் பொருந்தும், நடந்தே போங்கள். சால்ட் லேக் சிட்டி. சியரா நெவாடா ஆலை 1980-இல் தொடங்கிய சிகோ. கடைசியாகச் சாண்டா ரோசா. ஒவ்வொன்றிலும் நடந்து போகும் தூரத்தில் அறை, முடியாவிட்டால் வாடகை டாக்சி. இப்படிப் போனால் ஆர்.வி. வண்டியே தேவையில்லை, ஒரு சாதாரண காரும் விடுதிகளும் போதும். உங்கள் மனைவிக்கு இதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த அட்டவணையை அவரையே போடச் சொல்லுங்கள்.

போலீஸ் நிறுத்தினால்

உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றைப் பணிவாகக் கொடுங்கள். குடியுரிமை இல்லாத 18 வயது நிரம்பியவர்கள் தம் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஐ-94 அச்சுப் பிரதி எல்லார் பையிலும் இருக்கட்டும், மாணவருக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவமும். “எவ்வளவு குடித்தீர்கள்?” என்று கேட்டால் நம் ஆட்கள் நேர்மையாக “இரண்டே இரண்டு பீர்” என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும். வழக்கறிஞர் இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல விரும்பவில்லை என்று அமைதியாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பொய் மட்டும் சொல்லாதீர்கள். கைதுக்குப் பின் கேட்கும் மூச்சுப் பரிசோதனையை மறுத்தால் உரிமம் தனியாகப் பறிபோகும். மாநிலச் சாலையில் ஓட்டுவதாலேயே அதற்கு ஒப்புக்கொண்டதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

வழக்கு என்று வந்துவிட்டால், குற்றவியல் வழக்கறிஞரிடம் முதல் வாக்கியமாக உங்கள் விசா நிலையைச் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்ற விளைவுகள் என்ன வரும் என்று அறிவுரை சொல்ல அவர் கடமைப்பட்டவர் என்பது 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். டிசம்பர் டிக்கெட்டை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள், பிடித்த பாட்டில்களைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பலாமா என்று. அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்பதில்லை, தனியார் கூரியர்களும் உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே வாங்குகின்றன. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது பெட்டிக்குள் வைத்து ஏற்றிவிடுங்கள், 24 சதவீதத்துக்கு மேற்படாத மதுவுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. துணியில் நன்றாகச் சுற்றி வையுங்கள். மைத்துனன் பெட்டியில் மட்டும் வேண்டாம்.